கழுத்தில் முளைத்த மூன்று முதுகுகள்

பிப்ரவரி 28

அக்கா,

உறையில் என் கையெழுத்து இருந்திருந்தால் நேரே குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அதனால் முகவரியை அம்மாவை எழுத வைத்தேன். மோசடிதான். இந்தக் கடிதத்தில் இருக்கும் ஒரே மோசடி அது. அதையும் முதல் பத்தியிலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

எட்டு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. "அவ குரலக் கேட்டா நம்பித் தொலைச்சுடுவேன், அதான் கேக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னாயாம். நியாயம். காகிதத்துக்குக் குரல் கிடையாது, அது கிளுக்கென்று சிரிக்கவும் சிரிக்காது. எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு, ஏரி குறுகிப் போகுமே அந்தக் கழுத்துப் பகுதியில், அப்பாவின் லாஞ்சுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்து மூன்று முதுகுகள் எழுந்தன. கறுப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக. காற்று இல்லை. சுற்றுவட்டாரத்தில் வேறு படகு இல்லை. அப்பா இன்ஜினை முடுக்கி ஒரே வெட்டாகத் திருப்பினார். லாஞ்ச் போய் எச்சரிக்கைக் கம்பத்தில் மோதியது. 'இங்கே மோதாதே' என்று சொல்வதற்காக நட்ட கம்பத்திலேயே மோதிய முதல் ஆள் நம் அப்பாதான். கம்பம் போயிற்று, முன்பலகை போயிற்று, ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸம்மாவின் வலது மணிக்கட்டும் போயிற்று. வேலைக்குப் போன இடத்தில் அவரே படுத்துக்கொண்டார்.

சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன், அக்கா. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

படகு அலுவலகம் அப்பாவை நிறுத்திவைத்திருக்கிறது. முதல் அறிக்கையில் 'ஓட்டுநருக்கு மனப்பிரமை' என்று எழுதியிருக்கிறார்கள். மார்ச் 27-ஆம் தேதி விசாரணை. அந்த வார்த்தை அப்படியே நின்றால் லைசென்ஸ் போய்விடும். இருபத்தாறு வருடம் ஓட்டியவர் ஐம்பத்துநாலு வயதில் கரையில் நின்று என்ன செய்வார்? கேட்டால் ஒரே பதில்தான்: "நான் பாத்தத பாத்தேன்னுதான் சொல்வேன்." இந்த ஐந்து நாளில் அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான்.

ஊர் வேறு மாதிரி. படகுத்துறைக்கு எதிரே லாட்ஜ் வைத்திருப்பவர் 'பூதம் தெரியும் அறைகள்' என்று பலகை மாட்டிவிட்டார். எல்லா அறையும் நிரம்பிவிட்டது. ஆக, அலுவலகத்துக்கு ஒரு பைத்தியம் வேண்டும், ஊருக்கு ஒரு பூதம் வேண்டும், மிச்சம் இருப்பவர்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். அந்தக் கடைசிப் பதவிக்குப் போட்டியின்றித் தேர்வானவள் நான்.

நான் செய்யவில்லை, அக்கா. சத்தியம் என்று எழுத மாட்டேன். போன வருடம் அதையும் செலவழித்துவிட்டேன். நீ துறைமுகத்தில் அலை அளக்கிறவள். அது என்னவென்று சொல்லு. எனக்காக வேண்டாம்.

இந்த முறை நிரபராதி,
குண்டூசி


மார்ச் 4

குண்டூசி,

பாதி கிழித்துவிட்டேன். அப்போது 'மணிக்கட்டு' என்ற சொல் கண்ணில் பட்டது. ஒட்டித்தான் படித்தேன்.

முதலில் உனக்கு ஞாபகம் குறைவு என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் அந்த ஊரில்தான் ஏரியின் நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தேன். ஏரியில் பூதம் என்று நீ ஒரு படம் கொண்டுவந்தாய். "என் கண்ணால பாத்தேன்க்கா" என்றாய். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நான் 'ஆய்வுக்குரியது' என்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். பத்திரிகையில் வந்தது. இரண்டாம் நாள் அந்தப் பூதம் கரை ஒதுங்கியபோது அதன் டியூப் விலாவில் சைக்கிள் கடைக்காரரின் பஞ்சர் ஒட்டு இருந்தது. மூன்றாம் நாள் எனக்கு மாற்றல். இங்கே வந்த பிறகும் 'டியூப் மேடம்' என்ற பெயர் எனக்கு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

சூடு கண்ட பூனையிடம் மறுபடி பாத்திரத்தை நீட்டுகிறாய். ஆகவே முதல் கேள்விகள்: அன்று காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு நீ எங்கே? அந்த டியூப்கள் எங்கே? சாட்சியோடு பதில் வேண்டும்.

இது அப்பாவுக்காக: ஏரிகளில் பூதம் பார்த்ததாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் பொய் சொல்வதில்லை. எதையோ பார்க்கிறார்கள். அடியில் அழுகிக் கிடக்கும் மரம் வாயு ஊதி மேலே வரும், கொஞ்சம் மிதக்கும், மறுபடி மூழ்கும். நீர்நாய்கள் வரிசையாக நீந்தினால் ஒரே நீளமான உடம்பு போலத் தெரியும். குளிர்ந்த தண்ணீர்மேல் வெதுவெதுப்பான காற்று நின்றால் தூரத்தில் குச்சிமேல் உட்கார்ந்த நீர்க்காகம்கூட நெடுங்கழுத்தாக நீண்டுவிடும். பெரிய மீன் உண்டு. இவற்றில் எது என்று தெரிய, பார்த்தவர்கள் முதல் நாள் சொன்னது மட்டும் வேண்டும். இரண்டாம் நாள் சொன்னது வேண்டாம். அதற்குள் ஒருவர் வாயை ஒருவர் கடன் வாங்கியிருப்பார்கள்.

அப்பா சாப்பிடுகிறாரா?

அக்கா


மார்ச் 7

அக்கா,

சாப்பிடுகிறார். எதிரே தட்டு இருக்கிறது என்பது தெரியாமல் சாப்பிடுகிறார்.

சாட்சி ஒன்று: அன்று காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை நான் கணக்கு டீச்சர் வீட்டில் இருந்தேன். பொய் சொல்கிறவள் யாராவது தனக்குக் கணக்கு டியூஷனைக் கற்பனை செய்துகொள்வாளா? டீச்சரின் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். 'மேற்படி மாணவி முழு ஒரு மணி நேரமும் என் எதிரில் இருந்தாள் என்பது எனக்கும் வருத்தம் தரும் உண்மை' என்று எழுதியிருக்கிறார். கையெழுத்து அவருடையதுதான், என்னால் அவ்வளவு கோணலாக எழுத முடியாது.

சாட்சி இரண்டு: டியூப்களை அப்பா போன வருடமே துண்டு துண்டாக வெட்டி, லாஞ்ச் உரசாமல் இருக்கத் துறைச்சுவரில் ஆணியடித்துவிட்டார். பதினாலு துண்டு. எண்ணினேன். பூதம் தினமும் நசுங்குகிறது.

நீ சொன்னவற்றை அப்பாவிடம் கேட்டேன். "மரக்கட்டையாப்பா?" "மரக்கட்டை எனக்குத் தெரியாதா?" "நீர்நாயா?" "நீர்நாய் எனக்குத் தெரியாதா?" "மீன்?" அதற்கு ஒரு பார்வைதான். அந்தப் பார்வையில் நானே மீனாகித் துள்ளினேன். தூரத்துக் காட்சி நீண்டு தெரிவதும் இல்லை. பத்தடி தள்ளி எழுந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இப்போது சாட்சிகள். படம் யாரிடமும் சரியாக இல்லை. ஒருவர் போனில் எடுத்ததில் அவருடைய கட்டைவிரல் மட்டும் மிக அழகாக விழுந்திருக்கிறது. லாட்ஜ்காரர் லாஞ்சிலேயே இல்லை, அதனால் அவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவர் கணக்கில் அதற்குக் கண் உண்டு, கொம்பு உண்டு, நேற்றிலிருந்து மீசையும் உண்டு. அடுத்த வாரம் அது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அறை கேட்டு வரும்.

ஆனால் நர்ஸம்மா அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார்! ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களின் பதிவேட்டை நிரப்புவது அவர் வேலை. வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் தன் விபத்தைத் தானே பதிந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வாடி, அடுத்து யார் கைய உடைக்கப் போற?" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். நிஜமாகவே குனிந்தேன், அக்கா. கொஞ்சநேரம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்: 'கறுப்பு மேடுகள் மூன்று. சத்தம் இல்லை. தலையோ வாலோ காணவில்லை. முன்னால் நகரவில்லை, அதே இடத்தில் ஏறி இறங்கின. படகு ஆடியது.'

அடுத்து தையல்காரர். அவரும் அந்த லாஞ்சில்தான் கடைக்குப் போகிறவர். அன்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையைத் துவைக்காமல் ஆதாரமாக மாட்டிவைத்திருக்கிறார். நெஞ்சில் பெரிய பழுப்புக் கறை. "பூதம் துப்புச்சா?" என்றேன். "அட போம்மா, டீ! உங்கப்பா ஊத்திக் குடுத்தது. அப்பதான் வாயில வச்சேன், அந்தச் சனியன் எந்திரிச்சுது" என்றார்.

அவ்வளவுதான் கிடைத்தது. டீக்கறையை நீ என்ன செய்வாய் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்றையும் விடாமல் எழுதிவிட்டேன்.

அலையளக்கும் அக்காவுக்காக அலைந்து திரியும்,
குண்டூசி


மார்ச் 11

குண்டூசி,

டீச்சருக்கு போன் செய்து பேசிவிட்டேன். அவர் வருத்தம் உண்மையானது. உன்னை அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் நம்புகிறேன்.

கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் எழுதிய டீதான் எனக்கு முக்கியம். ஓடுகிற லாஞ்சில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆள் இன்னொருவருக்கு டீ ஊற்ற முடியாது. நீ முதல் கடிதத்தில் 'இன்ஜினை முடுக்கி' என்று எழுதினாய். அப்படியென்றால் அதற்கு முன் இன்ஜின் ஓடவில்லை. லாஞ்ச் கழுத்தில் நின்றுகொண்டிருந்தது. ஏன் நின்றது? நான் அங்கே இருந்தவரை அப்பா ஒருநாளும் நடு ஏரியில் நிறுத்தியதில்லை. அவரிடம் கேள்.

நின்றது உண்மையானால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இங்கே துறைமுகத்தில் தினமும் பார்க்கிறேன்: கப்பல் போய் மறைந்துவிடும், அது கிளப்பிய அலை மட்டும் போய்த் தடுப்புச்சுவரில் முட்டித் திரும்பி வரும். கடலில் அது மற்ற அலையோடு கலந்துவிடும். காற்றில்லாத ஏரியில் கலக்க வேறு அலையே கிடையாது. கழுத்தில் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் சாலைக்குக் கட்டிய கல்சுவர். லாஞ்ச் கிளப்பிய அலை இரண்டு பக்கமும் போய் முட்டித் திரும்பி நடுவில் சந்தித்தால், சந்தித்த இடத்தில் மேடு எழும். காலை வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் நிழல் பக்கம் கறுப்பாகத் தெரியும். தலை இருக்காது, வால் இருக்காது, முன்னால் நகராது. நர்ஸம்மா எழுதியது அப்படியே.

கழுத்தின் அகலம் எனக்கு மனப்பாடம். கணக்குப் போட்டால், லாஞ்ச் கடந்து பதினேழு நிமிடம் கழித்து அலை திரும்பி வர வேண்டும். துடுப்புப் படகில் கழுத்தின் ஓரத்தில் போய் இரு. மிதவைச் சட்டை போட்டுக்கொள். தனியாகப் போகாதே, அம்மாவைக் கூட்டிப்போ. இப்போது ஓட்டும் தற்காலிக ஓட்டுநர் கடந்ததும் கடிகாரத்தைப் பார். பார்த்ததை எழுது. பார்க்க ஆசைப்பட்டதை எழுதாதே.

அக்கா


மார்ச் 16

அக்கா,

கெட்ட செய்தி. உன் கணக்கு தப்பு.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிவிட்டேன். முதல் நாள் காற்று. ஏரி முழுக்க நெளிந்தது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் காற்று. அம்மாவுக்குத் தலைசுற்றல், "உன்னப் பெத்தப்பகூட இவ்வளவு கஷ்டப்படல" என்றாள். மூன்றாம் நாள், அதாவது நேற்று, ஏரி இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. லாஞ்ச் ஆறு நாற்பத்தாறுக்கு எங்களைக் கடந்தது. அதன் அலை எங்களை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போயிற்று. பிறகு அமைதி. நீ பதினேழு என்று சொல்லியிருந்தாய், அதனால் நான் நிதானமாக பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நிமிடம் வந்துவிட்டது.

பாறைப் பக்கமிருந்து ஒரு கோடு, சுவர்ப் பக்கமிருந்து ஒரு கோடு. கோடு என்றால் தண்ணீரில் யாரோ விரலால் கிழித்த மாதிரி. இரண்டும் சேர்ந்ததும் அப்படியே எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சத்தமே இல்லை. என்னவென்று எனக்குத் தெரியும். எப்படி வருகிறது என்று தெரியும். உன் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. இருந்தும் பிஸ்கட் பொட்டலம் ஏரிக்குள் போய்விட்டது, நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஊரையே பயமுறுத்தியவள் நான். மூன்று தண்ணீர் மேட்டுக்கு "அம்மா!" என்று கத்தினேன், அம்மா பக்கத்திலேயே இருக்கும்போது.

இன்று மறுபடி போனேன். மறுபடி ஒன்பது. பதினேழு வரை காத்திருந்தும் பார்த்தேன், எதுவும் வரவில்லை. உன் எண்ணைப் போட்டு எழுதிவிட்டால் நீ சந்தோஷப்படுவாய், இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஒன்பதுதான், அக்கா. உன் அலை போய்விட்டதென்றால் மன்னித்துக்கொள்.

இன்னொரு கெட்ட செய்தி. அப்பாவிடம் கேட்டேன். நின்றது உண்மை. இரண்டு மாதம் முன்னால் லாஞ்சுக்குப் புது இன்ஜின் போட்டார்கள். பழையது இருமி இருமி ஏழு ஐந்துக்குத்தான் துறை சேரும். புதியது பன்னிரண்டு நிமிடம் முன்னாலேயே சேர்ந்துவிடுகிறது. ஆனால் துறையின் கதவை அட்டவணைப்படி ஏழு ஐந்துக்குத்தான் திறப்பார்கள். பயணிகளைப் பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்த அப்பாவுக்கு மனம் வரவில்லை. கழுத்தில் நிறுத்தி, பிளாஸ்கில் இருக்கும் டீயை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்து, நேரம் பார்த்துக் கிளம்பியிருக்கிறார். மற்ற நாளெல்லாம் காற்று இருந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

பயணிகளோடு நடு ஏரியில் நிறுத்தக் கூடாது என்பது விதி. அதனால் அப்பா வாக்குமூலத்தில் 'படகு ஓடிக்கொண்டிருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "ரெண்டாவது வாக்குமூலம் குடுக்கறவன எவன் நம்புவான்?" என்கிறார். மாற்றவே மாட்டாராம்.

ஓடுகிற படகுக்குத் திரும்பி வரும் அலை எப்படித் தெரியும்? நம் கையில் இருக்கும் ஒரே விளக்கத்தை அப்பாவே முழுங்கிவிட்டார்.

குண்டூசி


மார்ச் 19

அன்புள்ள குண்டூசி,

என் கணக்கு தப்பவில்லை. முதலிலேயே ஒன்பதுதான் வந்தது. ஒன்பது நிமிடம், பத்து இருபது விநாடி கூடக் குறைய. பதினேழு என்று வேண்டுமென்றே எழுதினேன். நீ போகாமலேயே போனதாகக் கதை விட்டால் பதினேழு என்று எழுதுவாய், அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு இனி உறையையே திறப்பதில்லை என்று இருந்தேன்.

'உன் கணக்கு தப்பு' என்ற வரியைப் படித்துவிட்டு அலுவலகத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். பிறகு எழுந்து கழிவறைக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதேன். பக்கத்து மேஜைக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து விசாரித்தார். "இல்ல சார், என் தங்கச்சிக்கு இப்பதான் உடம்பு சரியாச்சு" என்றேன்.

உன்னிடம் குறும்பு செய்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நமக்குள் கணக்கில் நீ இன்னும் ரொம்ப முன்னால் இருக்கிறாய்.

விசாரணைக்கு அறிக்கை எழுதித் தருகிறேன். ஏரிப் பூதம் பற்றி இரண்டாவது முறையாக என் கையெழுத்து. நேற்று நான்கு முறை பேனாவை எடுத்து நான்கு முறையும் மூடிவைத்தேன். இது தவறானால் இந்த வேலையில் என்னை இனி யாரும் எதற்கும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் போடுகிறேன். பார்த்தது நீ, எண்ணியது நீ, எண்ணிக்கை சரி.

ஆனால் அறிக்கையின் முதல் வரியே 'படகு நின்றிருந்தது' என்பதுதான். அப்பாவின் வாக்குமூலம் அதை மறுத்தால் மீதியெல்லாம் தண்ணீரில் எழுதியது. அவரை உண்மை சொல்ல வைக்க என்னால் முடியாது, நான் பேசினால் அறிவுரையாகிவிடும். நீ பேசு. பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் அனுபவத்தோடு தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் அக்கா


மார்ச் 23

அக்கா,

எத்தனை பெரிய ஆள் நீ! பதினேழாம் பதினேழு! எனக்கே வலை விரித்திருக்கிறாய். கோபம் வரவில்லை, பொறாமைதான் வருகிறது. கழிவறைப் பத்தியை மட்டும் மூன்று முறை படித்தேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

அப்பாவைத் துடுப்புப் படகில் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றவரை, "எனக்குத் துடுப்பு போடத் தெரியலப்பா, வட்டம் வட்டமாவே சுத்துது" என்று சொல்லி ஏற்றினேன். (இதையும் மோசடிக் கணக்கில் எழுதிக்கொள்.) லாஞ்ச் கடந்தது. கடிகாரத்தை அவர் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஒன்பதாவது நிமிடம் மூன்று முதுகும் எழுந்தன. அப்பாவின் கை தானாகவே சக்கரத்தைத் தேடிக் காற்றைப் பிடித்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

"இது என் போட்டோட அலையா?"

"ஆமாப்பா. புது இன்ஜின். பழசு இவ்வளவு கிளப்பாது."

கடிகாரத்தை என் மடியில் வைத்தார். "அப்ப, இருபத்தாறு வருஷம் ஓட்டினவன் தன் அலையப் பாத்துத் தானே பயந்தான்னு எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பூதமே மேல்டி. பூதத்தப் பாத்துப் பயந்தா ஒரு மரியாதையாவது இருக்கு."

அக்கா, இதுவரை அவர் பிடிவாதத்தைத்தான் பார்த்தேன். அது வெட்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நானும் பயந்தேன்ப்பா. எல்லாம் தெரிஞ்சே பயந்தேன். பிஸ்கட்டக்கூடத் தூக்கிப் போட்டுட்டேன்."

"நீ சின்னப் பொண்ணு."

"அம்மாவும் பயந்தா."

"உங்கம்மா பல்லிக்கே பயப்படுவா."

"நர்ஸம்மா பயப்படல. ஏறி இறங்குச்சுன்னு எடது கையால எழுதி வச்சிருக்காங்க. நீங்க பாத்ததத்தான் அவங்களும் பாத்தாங்க. நீங்க கண்ணால பாத்ததுல ஒரு பொய்யும் இல்லப்பா. ஓடிட்டிருந்துதுன்னு எழுதுனதுதான் பொய்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "போன வருஷம் நான் டியூப்னு ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா அக்கா இங்கயே இருந்திருப்பா. சொல்லணும் சொல்லணும்னு ஒரு நாள் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு நாள்தான்ப்பா எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்றேன்.

இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை, இல்லையா? பத்திரிகைக்கு அது போவதற்கு முந்தின நாள் உன் அறை வாசல் வரை வந்தேன். நீ போனில் யாரிடமோ அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய். திரும்பிப் போய்விட்டேன். மன்னித்துவிடு, அக்கா. இது விளையாட்டாக எழுதியது இல்லை.

அப்பா துடுப்பை வாங்கிக்கொண்டு கரைக்குத் திருப்பினார். பாதி வழியில், "மறுபடி காத்தில்லாத நாள் ஒண்ணு வந்தா, அந்தத் தற்காலிக ஆளும் எதுலயாவது கொண்டுபோய் முட்டுவான்" என்றார். வீட்டுக்கு வந்ததும் புது வாக்குமூலம் எழுத உட்கார்ந்தார். டீயைப் பற்றி மட்டும் அரைப் பக்கம். சர்க்கரை எவ்வளவு என்பதுவரை எழுதியிருக்கிறார். உண்மை பேச ஆரம்பித்தால் நம் குடும்பத்துக்கு அளவு தெரியாது.

குண்டூசி


மார்ச் 28

அக்கா, அக்கா, அக்கா,

வரிசையாகச் சொல்கிறேன். என் கை நிற்கவில்லை.

நேற்று வந்த விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், குரல் மட்டும் குண்டு. அப்பாவின் இரண்டாவது வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "முதல்ல ஓடிச்சு, இப்ப நிக்குதா? நாளைக்குப் பறக்குமா?" என்றார். அப்பா எழுந்து, "நின்னுதுங்க. மறைச்சேன். தப்பு என்னுது" என்றார். அவ்வளவுதான். சாக்கு எதுவும் சொல்லவில்லை. நர்ஸம்மா கட்டுப்போட்ட கையோடு வந்து பதிவேட்டை வைத்தார். தையல்காரர் சட்டையை வைத்தார். அதிகாரி அதை இரண்டு விரலால் நகர்த்தி வைத்தார்.

பிறகு உன் அறிக்கை. கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "இந்தம்மாதானே போன வருஷம்..." என்று ஆரம்பித்தார். யாரும் கேட்காமலே நான் எழுந்துவிட்டேன். "போன வருஷம் அது என் வேலைங்க. நான்தான் செஞ்சேன், நான்தான் ஏமாத்துனேன். அவங்க பண்ண ஒரே தப்பு என்னை நம்புனது. எழுதிக்குங்க" என்றேன். அவர் உண்மையிலேயே எழுதிக்கொண்டார்! இனி என் பெயர் அரசாங்கக் காகிதத்தில்.

சிரிப்பு நின்றது. "சரி, காட்டுங்க பாப்போம்" என்றார்.

இன்று காலை போனோம். லாஞ்சில் அதிகாரி, அவருடைய உதவியாளர், நர்ஸம்மா, நான். சக்கரத்தில் தற்காலிக ஓட்டுநர், பக்கத்தில் அப்பா. காற்று இருந்துவிடுமோ என்று இரவெல்லாம் ஜன்னலைத் திறந்து திறந்து பார்த்தேன். இல்லை. ஆறு நாற்பத்தாறுக்குக் கழுத்தில் நிறுத்தினார்கள். அதிகாரி ஒரு கையில் உன் அறிக்கை, ஒரு கையில் கடிகாரம். "ஒன்பதாவது நிமிஷம் பாறைப் பக்கம் பாருங்க, சுவர்ப் பக்கமும் பாருங்க" என்று அப்பா மூன்று முறை சொன்னார். "தெரியும்யா, படிச்சாச்சு" என்றார் அவர்.

எட்டாவது நிமிடம் கொட்டாவி விட்டார்.

ஒன்பதாவது நிமிடம் முதல் முதுகு எழுந்ததும் அறிக்கை ஒரு பக்கம் பறந்தது. "திருப்பு! திருப்புய்யா!" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். தற்காலிக ஓட்டுநர் பதறி இன்ஜினை முடுக்கப் போனார். அப்பா அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். "ஒண்ணுமில்ல. நம்ம அலைதான். இருங்க, போயிரும்" என்றார். லாஞ்ச் மூன்று முறை ஆடியது. நின்றது.

அதிகாரி அப்பாவின் தோளிலிருந்து கையை எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையைத் தடவிக்கொண்டார். நர்ஸம்மாதான் சொன்னார்: "சார், உங்களுக்கு எந்தக் கை வேணும், வலதா எடதா?"

தீர்ப்பு: 'மனப்பிரமை' என்பது அடிக்கப்பட்டது. பதிலாக 'திரும்பி வந்த அலை' என்று எழுதப்பட்டது. அனுமதியில்லாமல் நிறுத்தியதற்கும் முதலில் மறைத்ததற்கும் அப்பாவுக்கு ஒரு மாதத் தடை. ஏற்கெனவே நிறுத்திவைத்த நாட்களும் சேர்ந்து, அது இன்றோடு முடிந்ததாகக் கணக்கு. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி ஓட்டுகிறார். லாஞ்ச் எப்போது வருகிறதோ அப்போது துறையின் கதவைத் திறக்க உத்தரவு. நர்ஸம்மாவின் கை சரியாகும்வரை அவர் பையை வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரிவரை தூக்குவது என் வேலை. இது அதிகாரி போட்டதில்லை, நர்ஸம்மா போட்டது. மேல்முறையீடு கிடையாதாம்.

லாட்ஜ்காரர் பலகையைக் கழற்றுவார் என்று நினைத்தேன். 'பூதம்' என்பதை மட்டும் அடித்து, 'அலை தெரியும் அறைகள்' என்று மாற்றிவிட்டார். எந்த ஏரியில்தான் தெரியாது?

அப்பா இப்போது பின்கட்டில் முன்பலகைக்கு வர்ணம் அடிக்கிறார். எதையோ முணுமுணுத்துக்கொண்டு அடிக்கிறார். பாட்டு என்று சொல்லத்தக்கதில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருக்கிறது.

குண்டூசி


ஏப்ரல் 2

அன்புள்ள குண்டூசி,

உன் கடிதங்களை என் மேலதிகாரி கேட்டு வாங்கிப் படித்தார். பதிவேட்டுப் பகுதியை இரண்டாம் முறை படித்தார். அறிக்கையையும் கூடவே ஒரு நாள் முழுக்கத் தன் மேஜையில் வைத்திருந்தார். எனக்கு அந்த நாள் எப்படிப் போயிற்று என்று கேட்காதே. நேற்று கூப்பிட்டு, "புது இன்ஜின் போட்ட லாஞ்ச் இந்த ஒரு ஏரியில மட்டுமா ஓடுது?" என்றார். பதினொரு ஏரிகளில் ஓடுகிறதாம். எல்லாவற்றிலும் அளந்து, எங்கே நிற்கலாம் எங்கே கூடாது என்று ஓட்டுநர்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முதலில் நம் ஏரி. இரண்டு வாரம், என் தலைமையில். வருகிற சனிக்கிழமை காலை, முதல் லாஞ்சில் வருகிறேன்.

அலை உயரம் அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் லாஞ்ச் கடந்த நேரத்தையும் அலை திரும்பிய நேரத்தையும் கண்ணால் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். அலுவலகம் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னது. வேண்டாம், உள்ளூரில் ஒருத்தி இருக்கிறாள், நான் சொன்ன எண்ணையே எனக்குத் திருப்பித் தராதவள் என்று சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம். நீ எழுதும் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் உன் கையெழுத்து இருக்கும். உன் முகத்தைப் பார்த்தே இராத யாரோ, எங்கேயோ ஒரு ஏரியில், அதை நம்பிப் படகைத் திருப்புவார்கள், அல்லது திருப்பாமல் இருப்பார்கள். யோசித்துச் சொல்.

சம்மதமானால் பேனா வாங்கி வை. பென்சில் எழுத்து செல்லாது.

உன் அக்கா